தொண்டுக்கு வருவோரை மாணவராக ஏற்போம்

செல்வ வளம் மிக்க நாடுகளின் இளைஞர்கள் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சிற்றூர்களுக்கு வந்து, சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி, ஊதியம் பெறாமல் பள்ளியில் பாடம் நடத்துவதும் மரம் நடுவதும் கட்டட வேலையில் கைகொடுப்பதும் கடந்த அறுபது ஆண்டுகளில் உலகெங்கும் வேரூன்றிவிட்ட வழக்கம். புதுச்சேரி இதற்கு நன்கு பழகிய நிலம். நகரின் வடக்குப் பகுதியான லாஸ்பேட்டையைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலே செல்லும் வெளிநாட்டு இளைஞர்களுள் ஒரு பகுதியினர், பன்னாட்டவர் குடியிருப்பான ஆரோவிலுக்கும் அதைச் சூழ்ந்த வானூர் வட்டத்துச் சிற்றூர்களுக்கும் இத்தகைய பணியை நாடியே வருகின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும், யாருடைய திட்டத்தின்கீழ், யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு காலம் அவர்கள் பணியாற்றுகின்றனர் என்று கேட்கும் உரிமை அவர்களை ஏற்கும் ஊர்களுக்கு உண்டு. அந்தக் கேள்விகளுக்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் கடற்கரையும் ஆரோவிலின் செம்மண் மேடும் கண்ட அனுபவமே போதுமான அளவு பேசுகிறது.

மண்வெட்டியிலிருந்து சந்தைக்கு

நாடு கடந்த தன்னார்வப் பணி ஒரு போரின் இடிபாடுகளில் பிறந்தது. முதல் உலகப் போரில் அழிந்த வெர்தூன் வட்டாரத்து ஊர் ஒன்றை மீண்டும் எழுப்ப, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் பியேர் செரசோல் 1920இல் பல நாட்டவரைத் திரட்டினார். எதிரி நாடுகளாக இருந்தவற்றின் மக்கள் ஒரே களத்தில் மண் சுமந்தால் பகை குறையும் என்பது அவரது எண்ணம். பன்னாட்டுக் குடிமைச் சேவை என்னும் அவ்வியக்கத்தின் இந்தியத் தொடர்பு, 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே இந்தியா வந்த செரசோல், இராசேந்திர பிரசாத் முதலான தலைவர்களுடன் இணைந்து, பாதிக்கப்பட்ட உழவர்களுக்குப் பாதுகாப்பான இடங்களில் ஊர்களை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். என்ன கட்டுவது, எங்கே கட்டுவது என்பதை உள்ளூர் அமைப்புகள் முடிவுசெய்ய, வெளிநாட்டவர் அம்முடிவுக்கு உட்பட்டு உழைத்தனர் என்பதே அம்முயற்சியின் சிறப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் இத்துறையில் இறங்கின. பிரிட்டனில் 1958இல் அலெக் டிக்சனும் அவர் துணைவியார் மோராவும் கடல்கடந்த தன்னார்வச் சேவை அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்க அதிபர் கென்னடி 1961 மார்ச் 1 அன்று அமைதிப் படையை உருவாக்கினார். 1976இல் அது இந்தியாவை விட்டு வெளியேறும்வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இங்கே கோழிப் பண்ணை, வேளாண்மை, சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளில் பணியாற்றினர். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், தம் அறுபதுகளின் பிற்பகுதியில் மும்பை அருகே விக்ரோலியில் சுகாதாரப் பணி செய்தார் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. அக்காலத் திட்டங்கள் பல பனிப்போர்க் கால அரசியலின் சாயல் கொண்டவை என்றாலும், ஏறத்தாழ ஈராண்டுப் பணி, முன்பயிற்சி, உள்ளூர் மொழி கற்றல் ஆகிய மூன்றையும் அமைதிப் படை போன்றவை கட்டாயமாக்கியிருந்தன.

கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த மூன்று நிபந்தனைகளும் தளர்ந்தன. கல்லூரிக்குச் செல்லுமுன் ஓராண்டு ஓய்வெடுக்கும் மேலை நாட்டு மாணவரிடமும் விடுமுறையில் பொருள் தேடும் அலுவலரிடமும் கட்டணம் பெற்று, இரு வாரம் முதல் இரு மாதம் வரையிலான பணிகளை விற்கும் நிறுவனங்கள் பெருகின. சுற்றுலாவும் தொண்டும் ஒரே பொதியாக விற்கப்படுவதால் இதனைத் தன்னார்வச் சுற்றுலா என்று குறிப்பிடலாம். விற்பனைப் பொருளாக மாறிய பின், கட்டணம் செலுத்துபவரின் மனநிறைவே திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. எளிதில் செய்யத்தக்கதும், சில நாளில் முடிவதும், ஒளிப்படத்தில் நன்றாகத் தெரிவதுமான வேலைகள் முன்னுரிமை பெறுகின்றன. நிலப் பட்டா, கூலி, குடிநீர் வரி போன்ற, ஊருக்கு உண்மையிலேயே தலைவலி தரும் சிக்கல்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை.

தேவை உருவாக்கும் வழங்கல்

இவ்வழக்கத்தின் மிகக் கொடிய விளைவைக் குழந்தைகள் இல்லங்களில் காணலாம். கம்போடியாவில் போர்க்கால அநாதைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பின்னரும் இல்லங்களின் எண்ணிக்கை குறையாமல் கூடியது. அவற்றில் தங்கியிருந்த குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர் என்பதை ஐ.நா. குழந்தைகள் நிதியம் வெளிப்படுத்தியது. அநாதைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பிப் பணத்துடன் வருவோர் தொடர்ந்து வந்தமையால், அவர்களுக்குக் காட்டுவதற்கு அநாதைகள் தேவைப்பட்டனர். கல்வி தருவதாகக் கூறி ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகள் அழைத்துவரப்பட்டனர். நேபாளத்திலும் இதே நடைமுறை காணப்பட்டது. ஒவ்வொரு மாதமும் புதிய ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு, அவர் விமானம் ஏறியதும் பிரிவைச் சந்திக்கும் குழந்தைக்கு ஏற்படும் உளக்காயத்தை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது. இச்சுரண்டலை நவீன அடிமைத்தனத்தின் வடிவமாக முதன்முதலில் ஏற்ற நாடு ஆஸ்திரேலியா. அங்கே 2018இல் இயற்றப்பட்ட நவீன அடிமைத்தனச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், இல்லங்களில் நடைபெறும் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைத் தடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் எல்லாக் குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களும் பதிவுபெற வேண்டும் என்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை அதன் 74ஆவது பிரிவு தடைசெய்கிறது. இல்லத்துக் குழந்தையைத் தோளில் ஏந்தியபடி எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் பகிரும் விருந்தினருக்கு இச்சட்டம் எடுத்துச் சொல்லப்படுவது அரிது.

குழந்தைகள் இல்லங்களுக்கு வெளியே தீங்கு இத்தனை வெளிப்படையாக இராது. மூன்று வாரம் ஆங்கிலம் கற்பிக்க வருபவர் சென்றபின், அடுத்தவர் வந்து மீண்டும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குவார். வகுப்பின் நிலையான ஆசிரியரோ, பெற்றோர் கண்ணில் வெள்ளைக்கார விருந்தினரைவிடத் தாழ்ந்தவராகத் தோன்றத் தொடங்குவார். சுவர் கட்டவும் குட்டை தூர்வாரவும் வெளிநாட்டவர் கட்டணம் செலுத்தி வந்தால், அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் அதையே செய்து கூலி பெறத்தக்க உள்ளூர்ப் பெண்ணின் வேலை பறிபோகிறது. இலவச உழைப்பு யாருடைய கூலியை இலவசமாக்குகிறது என்ற கேள்வி, வேலை போதாத எந்த ஊரிலும் தவிர்க்க முடியாதது.

கடற்கரை கற்பித்தவை

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், சோழமண்டலக் கடற்கரையில் உலகின் கருணை அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. கடலூர், நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரிக் கரைகளில் குவிந்த பழைய துணிகளை மீனவர்கள் தொட மறுத்தமையால் அவை சாலையோரங்களில் மக்கின. வாழ்வாதார உதவி என்ற பெயரில் நிறுவனங்கள் போட்டியிட்டு வழங்கிய ஃபைபர் படகுகள், தமிழகக் கரையில் பேரலைக்கு முன்பிருந்த எண்ணிக்கையையே தாண்டின. படகு கண்ணுக்குத் தெரியும், அதன் பக்கவாட்டில் கொடையாளியின் பெயரை எழுத முடியும்; ஆனால், படகுக்குத் தேவையான ஆட்களும் அது பிடிக்க வேண்டிய மீனும் அதே வேகத்தில் பெருகுவதில்லை என்பதை மீனவர் அமைப்புகள் அப்போதே எடுத்துரைத்தன.

அதே வேளையில், உள்ளூரின் குரல் என்பது ஒற்றைக் குரலன்று என்பதும் அப்போது தெளிவாயிற்று. உதவிகள் பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வழியாக, ஊருக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியலைக்கொண்டு பகிரப்பட்டன. ஆண் தலைமை கொண்ட குடும்பங்களை அடிப்படையாகக் கொண்ட அப்பட்டியலில் கைம்பெண்களும், கரையை நம்பிக் கூலிவேலை செய்த தலித் மக்களும் விடுபட்டனர். ஆகவே, ஊரைக் கேட்பது என்றால் ஊர்த் தலைவரைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ஊரை அறிந்த, ஊரில் நிலைத்திருக்கிற ஒருவரின் துணையின்றி வெளியூரார் இவ்வேறுபாடுகளைக் காண முடியாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் அதே நாளில், அதே கரையில் நிகழ்ந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுடன், 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. மையத்துக்கான இடத்தை ஊர் வழங்க, உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களுள் பலர் பெண்கள், அவற்றை இயக்கினர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்கணிப்பு, வீராம்பட்டினத்தில் நாள்தோறும் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. பேரலை நாளன்று, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் உரிய நேரத்தில் கரையை விட்டு விலகியது. பணம் கனடாவினுடையது, தரவு அமெரிக்காவினுடையது, அழைப்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது. அவற்றையெல்லாம் பயனுள்ளதாக்கியவர்கள், அந்த ஒலிபெருக்கியைப் பழுதின்றிப் பேணிய ஊர்க்காரர்கள்.

செம்மண் மேட்டின் சான்று

1968ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண் ஒரு தாமரை மொட்டு வடிவத் தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கியது. ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவில் கோடைத் தொண்டு செய்யும் அமைப்பைச் சேர்ந்த மாணவர்களிடையே பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், தாங்கள் உதவுகிறோம் என்ற எண்ணத்தைக் கைவிடுமாறு அவர்களைக் கடுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்க்கவும் படிக்கவும் வருவதை மட்டுமே அவர் வரவேற்றார். இல்லிச்சின் வாதத்தை முழுமையாக ஏற்றால், ஆரோவில் மேட்டில் காடே இருந்திராது. அதை முழுமையாகத் தள்ளினால், அந்தக் காடு ஏன் நிலைத்தது என்பது விளங்காது.

மழைநீர் அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த அம்மேட்டில், வெளிநாட்டவரும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற ஊர்களின் உழைப்பாளிகளும் சேர்ந்து கரை போட்டு நீரைத் தேக்கினர். பின்னர் இலட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. தொடக்கத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கு போன்ற அயல் மரங்களே பரவலாக நடப்பட்டன. காலப்போக்கில், இப்பகுதிக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, அதாவது குறைந்த மழையிலும் இலை உதிர்க்காத குறுமரங்களும் கொடிகளும் செறிந்த கடற்கரைக் காடு, மீட்கப்பட வேண்டும் என்ற தெளிவு பிறந்தது. அக்காட்டின் எஞ்சிய துண்டுகள் எங்கே இருந்தன? கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் போல, ஊர் மக்கள் தெய்வத்துக்கு அஞ்சிக் கிளை முறிக்காமல் காத்த தோப்புகளில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தபோது, நாட்டு மரங்களின் தேவை மேலும் உறுதிப்பட்டது.

இவ்வரலாற்றின் பாடம் காலத்தைப் பற்றியது. மரத்தை நட்டவரே அது சாய்ந்ததையும் கண்டார். ஆகையால் அடுத்த முறை வேறு மரத்தை நட்டார். இரு வாரத்தில் ஊர் திரும்புபவர் தம் செயலின் விளைவைக் காண்பதில்லை. விளைவைக் காணாதவர் திருந்தவும் வாய்ப்பில்லை. குறுகிய காலத் தன்னார்வலர் நீண்டகாலத் திட்டமொன்றில் இணையும்போது மட்டும் இக்குறை ஓரளவு நீங்குகிறது. ஆரோவிலில் 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட், உலகெங்குமிருந்து வருவோரைக் குறுகிய காலத்துக்கு ஏற்றாலும், என்ன நடுவது, எங்கே குழி வெட்டுவது என்பதை அங்கேயே நிலைத்து வாழ்வோர் முடிவுசெய்கின்றனர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த 1962ஆம் ஆண்டிலேயே இந்நகருக்கு வந்த பெல்ஜிய நாட்டு மடலேன் தெ பிளிக் தொடங்கிய வொலொந்தாரியா அமைப்பும், அவர் இங்கேயே பல பத்தாண்டுகள் தங்கியமையாலும், பணியாளர்களுள் பெரும்பாலோர் உள்ளூர் மக்களானமையாலும் வேர்பிடித்தது.

விதிகளின் முரண்

இந்திய விசா விதிகள் இப்பாடத்துக்கு எதிர்த்திசையில் அமைந்துள்ளன. இணையவழியில் எளிதாகக் கிடைக்கும் மின்சுற்றுலா விசாவிலேயே, பணமோ பிற கைம்மாறோ பெறாமல் அதிகபட்சம் ஒரு மாதம் தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற விரும்புபவர், அந்நிறுவனத்தின் பெயரும் இடமும் குறிக்கப்பட்ட வேலைவாய்ப்பு விசா பெற வேண்டும். விளைவாக, குறைந்த பயனும் கூடுதல் தீங்கும் தரக்கூடிய குறுகிய வருகைக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. மொழி கற்று ஓராண்டு தங்க விரும்புபவருக்கு அது ஒருக்களித்தே இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்து, ஒரு நிறுவனம் பெற்ற நிதியை மற்றொன்றுக்கு மாற்றுவதையும் தடைசெய்தது. முறைகேட்டைத் தடுப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டாலும், தன்னார்வலரை மேற்பார்க்கும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரின் ஊதியம் நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்படுமானால், முதலில் வெட்டப்படுவது அந்தப் பணியிடமே.

ஊரின் இசைவை யாரிடம் கேட்பது என்பதிலும் புதுச்சேரிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 38 ஆண்டுகளுக்குப் பின் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் நெடுங்காலமாக அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. எல்லைக்கு அப்பால், தமிழகத்தின் வானூர் வட்டத்து ஊர்களுக்குக் கிராம சபை இருக்க, இப்பால் பாகூர், வில்லியனூர்ப் பகுதி ஊர்களுக்கு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முறைப்படி சொல்லும் மன்றம் இல்லாமல் போயிற்று.

லாஸ்பேட்டை ஏற்கத்தக்க பொறுப்பு

வெளிநாட்டு இளைஞர்களைத் தடுப்பது இதற்குத் தீர்வாகாது. உலகைப் பார்க்கும் ஆவல் மனித இயல்பு. நட்பும் அதன்வழி வரும் நிதியும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. தீர்வு, அவர்களுடைய தகுதிநிலையை மாற்றுவதில் உள்ளது. பத்தொன்பது வயதில் மொழி அறியாமல், தொழில் பயிலாமல் ஓர் ஊருக்கு வருபவர், அங்கே எந்த வகையில் பார்த்தாலும் மாணவரே. மாணவர் என்றால் கட்டணம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, ஆசிரியர் உண்டு, காலவரையறை உண்டு, தேர்வும் உண்டு. இப்போது வெளிநாட்டு இடைத்தரகருக்குச் செல்லும் கட்டணம், கரை போடக் கற்றுத்தரும் முதியவருக்கும் வலை பின்னக் கற்றுத்தரும் மீனவருக்கும் ஆசிரியர் ஊதியமாகச் செல்வது நியாயம். இல்லத்துக் குழந்தைகளைச் சுற்றுலா வருவோர் அணுகுவது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். செய்த பணியின் குறிப்பு, அடுத்து வருபவர் தொடரும் வகையில், ஊரார் படிக்கத்தக்க தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

இவ்வேற்பாட்டைத் தாங்குவதற்கான நிறுவன அடித்தளம் லாஸ்பேட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரியும், மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும், புதுவைப் பல்கலைக்கழகச் சமுதாயக் கல்லூரியும் அருகருகே அமைந்த இப்பகுதியின் மாணவர்களுள் கணிசமானோர், சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். ஊரின் பேச்சும் சாதிப் பிரிவும் நீர்ப்பங்கீடும் அவர்களுக்குத் தெரியும். வரும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரையும் அத்தகைய மாணவர் ஒருவரோடு இணைத்து, மதிப்பூதியத்துடன் இணைப்பொறுப்பு அளித்தால், மேற்பார்வை உள்ளூர்க் கைக்கு வருவதோடு, அம்மாணவருக்கு அது தொழிற்பயிற்சியாகவும் அமையும்.

இந்த உறவு இருவழியாகவும் இருக்க இயலும் என்பதற்கு ஜெர்மனி வழிகாட்டுகிறது. 18 முதல் 28 வயது வரையுள்ள ஜெர்மானியரை வளரும் நாடுகளுக்கு அனுப்ப 2008இல் தொடங்கப்பட்ட வெல்ட்வெர்ட்ஸ் திட்டம், 2013 முதல் அந்நாடுகளின் இளைஞரையும் ஜெர்மனியில் தன்னார்வப் பணி செய்ய ஏற்கிறது. பிரான்சு தன் குடிமைச் சேவைத் திட்டத்தை 2010இல் சட்டமாக்கியது. பிரான்சுடன் இருநூற்றாண்டுக்கும் மேலான உறவைக் கொண்ட புதுச்சேரி, லாஸ்பேட்டை மாணவர் பிரெஞ்சு முதியோர் இல்லத்தில் ஓராண்டு பணியாற்றும் வாய்ப்பை அந்நாட்டிடம் கேட்டுப் பெறுவது பொருத்தமானதே. உதவி ஒரு திசையில் மட்டுமே பாய வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் உடையும்.

இந்த அளவுகோலை அயலாருக்கு மட்டும் நீட்டினால் அது நேர்மையாகாது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஈராண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் கேட்கிறது. கோயில் வளாகத்தைப் பெருக்கி, மரக்கன்று நட்டு, பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறும் முகாமும், தொலைநாட்டவரின் இருவாரப் பயணமும் ஒரே குறையுடையவையே. ஒரே ஊரைப் பத்தாண்டுக்குத் தத்தெடுத்து, முந்தைய ஆண்டு நட்ட கன்றுகளுள் எத்தனை பிழைத்தன என்ற கணக்கோடு அடுத்த முகாமைத் தொடங்கும் ஒழுங்கைக் கல்லூரிகள் முதலில் தமக்கு விதித்துக்கொண்டால், வெளிநாட்டவரிடமும் அதைக் கேட்கும் தகுதி அவற்றுக்கு வாய்க்கும்.

உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்பட்டு, ஊர் தன் இசைவையும் மறுப்பையும் பதிவுசெய்யும் மன்றத்தைப் பெறுவதே இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை. அதன்பின் ஒரு சிறு விதி போதும்: தன்னார்வலர் தம் பல்கலைக்கழகத்துக்கும் வேலை தருபவருக்கும் காட்டும் சான்றிதழை, இனி அனுப்பிய நிறுவனம் வழங்கக் கூடாது, அவர் என்ன கற்றார், எதை முடித்தார், எதை அரைகுறையாக விட்டுச் சென்றார் என்று எழுதி, ஊர் மன்றமே அதில் கையொப்பமிட வேண்டும்.